பாய்லருக்குத் திட்டம் போடலாம், அரிசிக்கு?

மையத் திட்டமிடல் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மாஸ்கோவில் ஆரம்பிப்பார்கள். நான் காட்டூரில் ஆரம்பிக்கிறேன். எங்க ஊரிலிருந்து தஞ்சாவூர் ரோட்டில் கிழக்கே போனால் திருவெறும்பூர், அதற்கடுத்து பெல் தொழிற்சாலை, அப்புறம் துவாக்குடி. இந்தப் பக்கம் எத்தனையோ வீடுகள் எழும்பியது பெல் சம்பளத்தில், அல்லது பெல்லுக்கு வேலை எடுத்துச் செய்த பட்டறைகளின் வருமானத்தில். அந்தத் தொழிற்சாலை எந்த முதலாளியும் லாபக் கணக்குப் போட்டுக் கொண்டுவந்தது கிடையாது. டெல்லியில் ஒரு கமிஷன் உட்கார்ந்து, நாட்டுக்கு இத்தனை மெகாவாட் மின்சாரம் வேணும், அதற்கு இத்தனை பாய்லர் வேணும் என்று கணக்குப் போட்டதால் வந்தது.

இதே மெட்ராஸ் மாநிலத்தில் 1950களில் இன்னொரு அரசுத் திட்டமும் ஓடிக்கொண்டிருந்தது. அரிசிக் கட்டுப்பாடு. 1952-ல் அதை ராஜாஜி ஒரே அடியாகத் தூக்கினார். அரிசித் திட்டம் கைவிடப்பட்டது, பாய்லர் திட்டம் ஊரையே உருவாக்கியது. ஏன் இப்படி? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தால், திட்டப் பொருளாதாரம் எங்கே ஓடும், எங்கே மாட்டிக்கும் என்பது பெரும்பாலும் புரிஞ்சிடும்.

திட்டம் போடுவது என்றால் என்ன?

சந்தையில் ஒரு பொருளை எவ்வளவு செய்வது, யாருக்குக் கொடுப்பது என்பதை விலை தீர்மானிக்குது. திட்டப் பொருளாதாரத்தில் அதை ஒரு அலுவலகம் தீர்மானிக்கும். சோவியத் யூனியனில் அந்த அலுவலகத்துக்குப் பேர் கோஸ்பிளான். 1921-ல் தொடங்கியது. முதல் ஐந்தாண்டுத் திட்டம் 1928-ல் வந்தது.

அவர்கள் வேலை செய்த முறையைப் பொருள் சமநிலைக் கணக்கு என்று சொல்லலாம். ஒவ்வொரு முக்கியப் பொருளுக்கும் ஒரு தாள். இடது பக்கம் அது எங்கிருந்தெல்லாம் வரும்: உற்பத்தி, கையிருப்பு, இறக்குமதி. வலது பக்கம் எங்கெல்லாம் போகும். இரண்டும் சமமாகணும். நம்ம வீட்டு மளிகைக் கணக்கு மாதிரிதான்.

ஒரு தாள் என்றால் சுலபம். சிக்கல் எங்கே என்று பாய்லரை வச்சே பார்ப்போம். பாய்லருக்கு எஃகுத் தகடு வேணும், குழாய் வேணும், வெல்டிங் ராடு வேணும். எஃகுக்கு இரும்புத்தாதுவும் நிலக்கரியும் வேணும். நிலக்கரி வர ரயில் வேகன் வேணும். வேகன் செய்ய மறுபடி எஃகு வேணும். எஃகு ஆலை ஓட மின்சாரம் வேணும். மின்சாரத்துக்கு? பாய்லர் வேணும். சுத்திச் சுத்தி அதே இடம். பாய்லர் இலக்கை 10 கூட்டினால் எஃகுத் தாள் மாறும், அதனால் நிலக்கரித் தாள் மாறும், அதனால் வேகன் தாள் மாறும், கடைசியில் பாய்லர் தாளே மாறும். இப்படி ஆயிரக்கணக்கான தாள்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் பென்சிலும் ரப்பரும் வச்சு இதைச் செய்தார்கள். எல்லாத் தாளும் முழுசாகச் சமமானதே இல்லை. இடிக்கிற இடத்தில் முன்னுரிமை குறைந்த துறையின் பங்கை வெட்டுவார்கள். வெட்டு வாங்கியது பெரும்பாலும் மக்கள் வாங்குகிற சாமான்கள்: செருப்பு, துணி, வீடு.

டெல்லி எடுத்துக்கொண்ட பகுதி

இந்தியா இந்த முறையை முழுசாக எடுக்கவில்லை. நிலம் விவசாயியிடமே இருந்தது, கடை கடைக்காரரிடமே இருந்தது. ஆனால் உச்சியில் இருக்கிற தொழில்களை அரசு எடுத்துக்கொண்டது. திட்டக் கமிஷன் 1950-ல் அமைந்தது. 1956-ல் தொடங்கிய இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்துக்குப் புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் ஒரு கணக்கு மாதிரி கொடுத்தார். அதன் சாரம் இதுதான்: துணியைச் செய்வதற்கு முன்னால் துணி செய்யும் இயந்திரத்தைச் செய், அதற்கு முன்னால் இயந்திரம் செய்யும் இயந்திரத்தைச் செய். இன்றைக்கு வாயைக் கட்டினால் நாளைக்கு வளர்ச்சி வேகமாக வரும். அதே 1956-ல் வந்த தொழிற்கொள்கைத் தீர்மானம் 17 தொழில்களை அரசுக்கு என்று ஒதுக்கியது. கனரக மின்கருவிகள் அதில் ஒன்று.

அந்த வரிசையில்தான் திருச்சி வந்தது. செக்கோஸ்லோவாக்கியாவின் தொழில்நுட்ப உதவியுடன் உயர் அழுத்த பாய்லர் ஆலை, 1965-ல் உற்பத்திக்கு வந்தது. அப்போது காமராஜர் ஆட்சியிலும் அதற்குப் பிறகும் மாநிலத் தொழில் அமைச்சராக இருந்தவர் ஆர். வெங்கட்ராமன். பக்கத்திலேயே துப்பாக்கித் தொழிற்சாலை, துவாக்குடியில் மண்டலப் பொறியியல் கல்லூரி (இன்றைய என்.ஐ.டி.). இவையும் திட்டக் காலத்துப் பிள்ளைகள்தான். ஆலைக்கு இன்ஜினியர் வேணும் என்றால் இன்ஜினியர் செய்கிற ஆலையும் வேணும் இல்லையா?

இது பொருளாதார ரீதியில் ஏன் ஓடியது என்று கவனிங்க. பாய்லர் வாங்குவது யார்? அரசு மின்வாரியங்கள், பிறகு 1975-ல் வந்த தேசிய அனல் மின் கழகம். விற்பதும் அரசு, வாங்குவதும் அரசு. எத்தனை மெகாவாட் என்று தெரிந்தால் எத்தனை பாய்லர் என்று தெரியும். டிராயிங் ஒன்று, தரக்கட்டுப்பாடு ஒன்று. தெரிய வேண்டிய தகவல் எல்லாம் ஒரு நூறு பேரின் மேஜைக்குள் அடங்கும். அன்றைக்கு எந்தத் தனியார் முதலாளியும் பத்து வருஷம் கழித்து லாபம் வரும் என்று இவ்வளவு பணத்தை இந்தப் பொட்டலில் போட்டிருப்பாரா? எனக்குச் சந்தேகம்தான். இந்த வெற்றியைத் திட்டத்தின் கணக்கில் வரவு வைக்கத்தான் வேணும்.

இன்னொரு சலுகையும் நமக்குக் கிடைத்தது. 1950களிலிருந்து எஃகுக்கு ரயில் சரக்குக் கட்டணத்தைச் சமப்படுத்தினார்கள். பிலாய் வாசலிலும் திருச்சியிலும் எஃகு ஏறக்குறைய ஒரே விலை. தமிழ்நாட்டுப் பட்டறைக்கு லாபம். தாதுவையும் கரியையும் மடியில் வச்சிருந்த பீகாருக்கும் வங்காளத்துக்கும் நஷ்டம், தொழில்கள் அங்கே வந்து சேர வேண்டிய காரணமே போச்சு. திட்டம் ஒரு இடத்தில் ஊற்றும் தண்ணி இன்னொரு வாய்க்காலில் இருந்து திருப்பினதுதான். வாங்குகிற ஊருக்கு அது கண்ணில் படாது.

அரிசி ஏன் அடங்கவில்லை?

இப்போ அரிசிக்கு வருவோம். இரண்டாம் உலகப்போர் காலத்தில் உணவுக் கட்டுப்பாடு வந்தது. ரேஷன், கட்டாயக் கொள்முதல், ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு நெல் கொண்டுபோகத் தடை. சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்தது. காகிதத்தில் அது நியாயமான திட்டம்: எல்லாருக்கும் அளவாக, ஒரே விலையில்.

ஆனால் நெல் ஒரு ஆலையில் விளைவது இல்லை. லட்சக்கணக்கான வயல். எந்த வயலில் எவ்வளவு விளைந்தது என்பது அந்தக் குடும்பத்துக்கு மட்டும்தான் தெரியும். அரசு விலை குறைவாக இருந்தால் அந்தத் தகவலை அவர்கள் ஏன் சொல்லப்போறாங்க? குதிருக்குள் போகும், இல்லை ராத்திரியில் வண்டி ஏறும். மேலே இருக்கிறவர்கள் பார்ப்பது குறைந்த விளைச்சல் கணக்கு. அதைப் பார்த்துக் கட்டுப்பாட்டை இறுக்குவார்கள். இறுக்கினால் இன்னும் ஒளியும்.

1952-ல் முதலமைச்சரான ராஜாஜி கட்டுப்பாட்டை நீக்கினார். மத்திய உணவு அமைச்சர் ரஃபி அகமது கித்வாய் துணை நின்றார். பலர் பயந்த மாதிரி பஞ்சம் வரவில்லை. ஒளிந்திருந்த அரிசி சந்தைக்கு வந்தது. அடுத்த வருஷங்களில் நாடெங்கும் விளைச்சலும் கைகொடுத்தது, 1954-க்குள் நாடு முழுக்கக் கட்டுப்பாடு தளர்ந்தது. இதே ராஜாஜிதான் பின்னால் 1959-ல் சுதந்திரா கட்சி ஆரம்பித்து, பர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யம் என்று டெல்லியைத் தாக்கினார்.

இந்த இடத்தில்தான் ஹாயெக் சொன்னது பொருந்துது. முதலில் 1920-ல் மீசஸ் என்ற ஆஸ்திரிய அறிஞர் ஒரு கேள்வி போட்டார்: இயந்திரங்களுக்குச் சந்தை விலையே இல்லாத நாட்டில், எது மலிவான வழி, எது விரயம் என்று எப்படிக் கணக்குப் பார்ப்பது? லாங்கே என்ற போலந்துக்காரர் பதில் சொன்னார்: திட்ட அலுவலகமே ஒரு விலையை வைக்கட்டும், பற்றாக்குறை வந்தால் ஏற்றட்டும், தேங்கினால் இறக்கட்டும். 1945-ல் ஹாயெக் திருப்பிக் கேட்டார்: ஏற்றுவதா இறக்குவதா என்று தெரிய வேண்டிய தகவல் அலுவலகத்துக்கு எப்படி வரும்? அது சிதறிக் கிடக்குது. எந்த ஓட்டுனருக்கு வண்டி காலி, எந்த வயலில் நெல் ஈரம் என்பது மாதிரியான தகவல் எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது. விலை ஒன்றுதான் அதைச் சுருக்கி எல்லாருக்கும் சொல்லும்.

வேடிக்கை என்னவென்றால், சோவியத்திலேயே இதற்குக் கிட்டத்தட்ட வந்த ஒருத்தர் இருந்தார். கான்டொரோவிச். 1939-ல் ஒரு பிளைவுட் நிறுவனத்தின் இயந்திரங்களை எப்படிப் பிரித்துப் பயன்படுத்துவது என்ற கணக்கில் ஆரம்பித்து, நேரியல் திட்டமிடல் என்கிற கணிதத்தைக் கண்டுபிடித்தார். 1975-ல் நோபல் பரிசு. அவருடைய சமன்பாடுகள் சிறந்த திட்டத்தோடு சேர்த்து ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண்ணையும் கொடுக்கும். அந்த எண்ணை உற்றுப் பார்த்தால் அது விலை! வாசல் வழியாக வெளியே அனுப்பின விலை ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

ஹாயெக் சொன்ன சிக்கல் பழங்கதை என்று நினைக்காதீங்க. இந்திய உணவுக் கழகம் 1965-ல் தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் திறந்தது தஞ்சாவூரில். இன்றைக்கு டெல்டா முழுக்க அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் இருக்கு. நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. குறுவை அறுவடை நேரத்தில் மழை பிடித்தால், ரோட்டோரம் கொட்டி வைத்த நெல் அந்த எண்ணைத் தாண்டிடும். மாநில அரசு தளர்வு கேட்டு டெல்லிக்கு எழுதும். மத்தியக் குழு வந்து மாதிரி எடுக்கும். சில வருஷம் 19, 20 சதவீதம் வரை தளர்த்தியிருக்கிறார்கள். உத்தரவு வருவதற்குள் நெல் முளைச்சிடும். அதிகாரிகள் கெட்டவர்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஈரம் இங்கே இருக்கு, முடிவு அங்கே இருக்கு, அவ்வளவுதான்.

ஆனால் இதையும் சொல்லணும்: அந்த நிலையம் இல்லை என்றால், அறுவடை நாளில் அவசரத்துக்கு விற்கும் சின்ன விவசாயி வியாபாரி சொன்ன விலைக்குத்தான் கொடுக்கணும். கொள்முதல் நிலையத்தின் முன்னால் நாலு நாள் காத்திருக்கும் விவசாயி முட்டாள் இல்லை. நிச்சயமான விலைக்காகக் காத்திருக்கிறார்.

டன் கணக்கு செய்யும் வேலை

தகவல் ஒரு சிக்கல் என்றால், ஊக்கம் இன்னொன்று. ஆலையிடம் ஒரு எண்ணைக் கேட்டால், அது அந்த எண்ணைத்தான் கொடுக்கும். சோவியத்தில் இலக்கை டன்னில் வைத்தார்கள். சரவிளக்குச் செய்கிறவர்கள் கனமாகச் செய்தார்கள். கூரையே இறங்கிவிடும் போல என்று குருஷ்சேவே புலம்பியது பிரபலம். இலக்கை எண்ணிக்கையில் வைத்தால் சின்னதாகச் செய்வார்கள்.

பட்டறை வைத்திருப்பவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பாங்க. எஃகு ஃபேப்ரிகேஷன் வேலை எங்கேயும் டன் ரேட்டில்தான் பேசுவார்கள். தடித்த தகடு, குறைந்த வெல்டிங் உள்ள வேலை என்றால் எல்லாரும் ஓடி வருவார்கள். எடை குறைவு, வெட்டும் வெல்டும் அதிகம் என்றால் யாருக்கும் நேரம் இருக்காது. சந்தையில் இதற்கு ஒரு வழி இருக்கு, சிக்கலான வேலைக்கு ரேட்டைக் கூட்டிக் கேட்கலாம். திட்டத்தில் ரேட்டும் மேலிருந்தே வரும்.

இன்னும் சில பழக்கங்கள் எல்லாத் திட்ட நாடுகளிலும் தானாக முளைத்தன. இந்த வருஷம் இலக்கைத் தாண்டினால் அடுத்த வருஷ இலக்கு ஏறும், அதனால் மேலாளர் திறமையை ஒளித்து வைப்பார். கச்சாப் பொருள் எப்போ வரும் என்று தெரியாததால் தேவைக்கு மேல் பதுக்குவார், அந்தப் பதுக்கலே அடுத்தவனுக்குப் பற்றாக்குறை ஆகும். மாசக் கடைசியில் ராப்பகலாக ஓட்டி எண்ணை முடிப்பார். நம்ம ஊர் அரசு அலுவலகங்களின் மார்ச் மாதம் ஞாபகம் வருதா?

ஹங்கேரியின் கோர்னாய் இதையெல்லாம் உள்ளிருந்தே பார்த்து 1980-ல் பற்றாக்குறையின் பொருளாதாரம் என்று புத்தகமாக எழுதினார். அவர் சொன்ன முக்கியமான விஷயம்: நஷ்டம் வந்தால் அரசு காப்பாற்றும் என்று தெரிந்த ஆலைக்குப் பணம் ஒரு தடையே இல்லை. அதனால் எல்லாரும் எல்லாத்தையும் கேட்பார்கள். விலை ஏறாது, வரிசை ஏறும். நம்ம அப்பா தலைமுறைக்கு இது நல்லாத் தெரியும். பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்து வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள், போனுக்கும் அப்படியே. வீடு கட்ட சிமெண்டுக்கு பர்மிட். லைசென்ஸில் போட்ட அளவுக்கு மேல் ஸ்கூட்டர் செய்தால் கம்பெனி குற்றவாளி! வரிசையில் நிற்பதும் ஒரு விலைதான். ரூபாய்க்குப் பதிலாக நேரத்தில் கட்டுகிறோம், அந்த நேரம் யாருக்கும் வருமானமாகப் போகாது.

எண்ணிக்கை தவறினால்

இந்த எச்சரிக்கையை எழுத்தில் கொடுத்தவர் இந்தியாவிலேயே இருந்தார். 1955-ல் இரண்டாவது திட்டத்தை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் குழுவில் பி.ஆர். ஷெனாய் மட்டும் மாற்றுக் கருத்து எழுதினார்: கையில் உள்ள சேமிப்புக்கு மீறின திட்டம் இது. 1957 வாக்கில் அந்நியச் செலாவணி கரைந்து நின்றது.

பாய்லர் மாதிரி திட்டத்துக்குப் பொருந்தும் துறையிலும் ஒரு பலவீனம் உண்டு. தப்பு நடந்தால் ஒரே இடத்தில், மொத்தமாக நடக்கும். பத்தாவது திட்டத்தில் (2002-07) 41,110 மெகாவாட் சேர்க்க இலக்கு, சேர்ந்தது 21,180. பதினொன்றாவதில் (2007-12) இலக்கு 78,700, சேர்ந்தது 54,964. இந்த எண்களை நாம் வீட்டிலேயே அனுபவித்தோம். 2012-ல் சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்கள் இருந்தன. நாடு முழுக்க மின்நிலையங்களுக்கு பாய்லர் செய்து அனுப்புகிற ஊரில், பகலில் மிக்ஸி ஓடாது.

பன்னிரண்டாவது திட்டத்தில் (2012-17) நிலைமை தலைகீழ். இலக்கு 88,537 மெகாவாட், சேர்ந்தது 99,209. தனியார் ஏராளமாக வந்தார்கள், பலர் சீன இயந்திரங்களோடு. ஆனால் எதிர்பார்த்த அளவு தேவை வளரவில்லை. அனல் நிலையங்கள் பாதி திறனுக்குக் கொஞ்சம் மேலே ஓடின. வங்கிக் கடன்கள் மூழ்கின. புது பாய்லர் ஆர்டர் வற்றியது. சந்தையும் கூட்டமாகத் தப்புப் பண்ணும் என்பதற்கு இது நல்ல உதாரணம். அதை ஒப்புக்கொள்ளாமல் திட்டத்தை மட்டும் திட்டுவது நேர்மை இல்லை.

ஆனால் அடி யார் மேல் விழுந்தது என்று பாருங்க. ஆலைக்குள் நிரந்தர வேலையில் இருந்தவர்களுக்குச் சம்பளம் வந்தது. துவாக்குடி, திருவெறும்பூர் சுற்றிலும் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் ஒரே வாங்குபவரை நம்பி வங்கியில் கடன் வாங்கி கிரேன் போட்டிருந்தன. அவர்களுக்கு இன்னொரு கதவைத் தட்டிப் பழக்கமே இல்லை. சில பட்டறைகள் வேறு வேலைக்கு மாறின, பல பூட்டின. வெல்டர்கள் வளைகுடாவுக்கும் வெளிமாநிலத்துக்கும் போனார்கள். ஒரு முடிவு டெல்லியில் சரியாக இருந்தபோது ஊர் முழுக்க வளர்ந்தது. முடிவு தவறியபோது ஊர் முழுக்கச் சுமந்தது. சேர்ந்து வளர்கிற அமைப்பில் சேர்ந்து விழுகிற ஆபத்தும் கூடவே வரும்.

திட்டக் கமிஷன் இன்றைக்கு இல்லை. 2015 ஜனவரி 1 முதல் அந்த இடத்தில் நிதி ஆயோக். ஆனால் திட்டம் போடுவது நிற்கவில்லை. 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கி வைத்த பாதுகாப்புத் தொழில் வழித்தடமும் மேலிருந்து போட்ட திட்டம்தான், அதன் ஐந்து மையங்களில் நம்ம ஊரும் ஒன்று. இது நல்லதா கெட்டதா என்று கேட்கிறவர்களிடம் நான் மூன்று கேள்வியைத் திருப்பிக் கேட்பேன். செய்ய வேண்டியது என்ன என்ற தகவல் ஒரு டிராயிங்கில் அடங்குமா, இல்லை லட்சம் பேர் தலையில் சிதறிக் கிடக்குதா? கேட்கிற எண்ணும், உண்மையில் நமக்குத் தேவையான பொருளும் ஒன்றுதானா? கணக்குத் தப்பினால் அதைக் கட்டப்போவது கணக்குப் போட்டவரா, வேறு ஆளா?

முதல் இரண்டுக்கும் பாய்லர் நல்ல பதில் சொன்னது. அரிசி சொல்லவில்லை. மூன்றாவது கேள்வியை 1956-லும் யாரும் கேட்கவில்லை. புதுசாகக் கடன் போட்டு ஷெட் கட்டுகிற பட்டறைக்காரர்களாவது இந்தத் தடவை அதைக் கேட்டுட்டு, ரெண்டாவது வாங்குபவர் ஒருத்தரையும் தேடிட்டு இறங்கணும்.